வாசலில் வைத்த போன்

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டும் கூலியாக விஸ்வநத்தத்துக்குள் வந்து, அதே ஊரில் நாற்பது அறை கொண்ட பட்டாசுக் கம்பெனி கட்டினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

ஒரு சீசனில் கரண்ட் மங்கி மங்கி வந்தது. எங்கள் கம்பி ரோட்டோர டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்துகொண்டிருந்தது. தெரிந்த ஆளைப் பிடித்து, எழுத்தில் ஒரு வரி இல்லாமல், ஒரே நாளில் அதை ஓடைப்பக்க டிரான்ஸ்பார்மருக்கு மாற்ற வைத்தேன். மற்ற முதலாளிமார் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். ஒவ்வொரு கம்பத்தின் பக்கத்திலும் போனைப் பிடித்து, அது நிற்கும் இடத்தையும், எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் வருகிறது என்பதையும் வரைபடத்தில் ஏற்றுவது அவர் வேலை. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகக் கூடாது. என் போனே வாசல் ஆபீசில்தான் கிடக்கும்.

"போனை இங்கன வச்சுட்டு, நடந்தாவது பார்த்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார்.

"எதுக்குய்யா நடக்கீக? என் கம்பெனி எனக்குத் தெரியாதா? நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. ரோட்டு டிரான்ஸ்பார்மர்."

உள்ளே வந்து கம்பியைப் பார்த்தால் என் கள்ளவேலை தெரிந்துவிடும். அதனால் அப்படிச் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே பதிந்துகொண்டு போனார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன புரட்டாசியில், மழை விட்ட ஒரு மதியம், காற்றில் வேப்பங்கிளை முறிந்து கம்பியை அறுத்துப் போட்டது. கடைசி அறையில், மருந்து நிரப்பிய குழாய்களுக்கு நடுவில், நான்கு பெண்கள். நாலு பக்கமும் வாசல் உண்டு. ஆனால் சுற்றிலும் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தண்ணீருக்குள் கம்பி. அதன் நுனி பொரிந்து நீலமாகத் தெறித்தது. ஒரு பொறி உள்ளே விழுந்தால் போதும், அவ்வளவுதான்.

கம்பெனி வாசலுக்கு ஓடினேன். இருநூறு எட்டு வைக்கிற தூரம். எழுபது வயசு முழங்கால். போனில் கரண்ட் ஆபீஸ் அதிகாரியிடம் கதறினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"வரைபடத்தைப் பார்த்து ஆள் அனுப்பி நிறுத்தியாச்சு அண்ணாச்சி. இறங்கச் சொல்லுங்க."

எதை நிறுத்தினார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பயத்தில் நான் சொன்ன பொய் எனக்கே மறந்துபோனது. திரும்பி ஓடினேன்.

"இறங்குங்கம்மா! கரண்ட் இல்ல!"

அறை வாசலில் நின்ற மூத்தவள் அசையவில்லை. "கம்பி பொரியுதே மொதலாளி."

"நான் சொல்லுதேன்லா? நிறுத்தியாச்சு!"

"அப்ப நீங்க மொதல்ல தண்ணிக்குள்ள இறங்குங்க. நாங்க பின்னாலயே வாரோம்."

கோபத்தில், தண்ணீருக்குள் வைக்கக் காலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் பொரிகிற சத்தம் என் காதில் ஏறியது. ஆபீஸ்காரர் பார்த்த படத்தில் இருப்பது என் வாய்ச்சொல் என்பதும் உறைத்தது.

மறுபடியும் வாசல் போனுக்கு ஓடினேன். சேற்றில் விழுந்தேன். எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, ரோட்டு டிரான்ஸ்பார்மர் இல்ல! ஓடைப்பக்கம்! நான் பொய் சொல்லிட்டேன்யா! ஊரு பூராவுக்கும் நிறுத்துங்க!"

வாசல் காவல்காரர் இதைக் கேட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகத்தில், அதே கரண்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் நிற்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

லைன்மேன் வந்து, சோதித்து, கம்பியை இழுத்துப் போட்ட பிறகே நான்கு பேரும் இறங்கினார்கள். மூத்தவள் என் முன்னால் நின்றாள்.

"கரண்ட் இல்லன்னு எங்களை இறங்கச் சொன்னீகளே மொதலாளி, அது யாரு சொன்ன சொல்லு?"

நான் போனில் கத்தியதைக் காவல்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். "அவுக சொல்லை நம்பி இனி ஒரு எட்டு வைக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள்.