அமெரிக்கரின் கழுத்தில் ஒரு மாலை

ஜெர்மனியின் ஐஃபல் மலையில், கார் பந்தயத் தடத்தை ஒட்டிய காபிக் கடையில் நிற்கிறேன். வெளியே கார்கள் உறுமிக்கொண்டு போகின்றன. சுவரில் ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. முகமெல்லாம் எண்ணெய்க் கரியோடு ஓர் அமெரிக்கப் பந்தய வீரர். கழுத்தில் வெற்றியாளரின் இலைமாலை.

“இவர் இங்கே எத்தனை முறை ஜெயிச்சார்?” காபி தரும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கேட்கிறேன்.

“ஒருக்காலும் வெல்லேல்லை அண்ணை. கன வருசம் இங்க கார் ஓடினவர். ஒருமுறை முன்னுக்கு ஓடிக்கொண்டிருக்கேக்க, எரியிற கார் ஒண்டைக் கண்டு தன்ர காரை நிப்பாட்டி, உள்ளுக்க இருந்தவரை இழுத்தெடுத்தவர்.”

“அப்போ இந்த மாலை?”

“அவர் காப்பாத்தின ஆள்தான் அடுத்த வருசம் வெண்டது. தன்ர மாலையைக் கழட்டி இவருக்குப் போட்டவர்.”

மறுபடி பார்க்கிறேன். படத்தின் ஓரத்தில், மாலையைச் சரிசெய்யும் இரண்டு கைகள். விரலெல்லாம் தீத்தழும்பு.