தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து தூத்துக்குடி சுமார் அறுநூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். யார் தேடினாலும் போன் இதைத்தான் சொல்லும். சென்னைக்கு வெளியே பென்னலூரில் நாங்கள் தங்கியிருந்த ஹாஸ்டலிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அதில் சேர்த்துச் சொல்லாது.

நான் வாலாஜாபாத்காரி. என் அறையில் இருந்தவள் விளாத்திகுளம் பக்கம். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று காலை டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தபோதுதான் அப்பா இறந்துபோன செய்தி அவளுக்குத் தெரிந்தது. லாக்கர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா மொகத்தப் பாத்துரணும்க்கா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "பஸ் சாயந்திரந்தாம்மா, போய்ச் சேர விடிஞ்சிடும், ஃப்ளைட்ல போ" என்று அவரே மத்தியான விமானத்துக்கு டிக்கெட் போட்டார். அவள் ஊரிலிருந்த சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். "ஃப்ளைட்ல வாரேன் சித்தப்பா. ஒன்றரை மணி நேரந்தான்." அவ்வளவு அழுகையிலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு வந்தது. எனக்கும்தான். "சட்டுனு பூடுவடி, அழுவாத" என்று டாக்ஸியில் ஏற்றிவிட்டேன்.

எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சித்தப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனை வைத்த நிமிஷத்திலிருந்து ஊர் ஒன்றரை மணி நேரத்தை எண்ண ஆரம்பித்துவிட்டது. விமானம் என்ன ஷேர் ஆட்டோவா, கையைக் காட்டி ஏறிக்கொள்ள? இங்கே லாரிகளுக்கு நடுவில் டாக்ஸி ஊர்ந்தது. விமானமும் தாமதம். ஏறும் முன் கூப்பிட்டிருக்கிறாள், கொட்டுச் சத்தத்தில் சித்தப்பா எடுக்கவில்லை. அவர்கள் கூப்பிட்டபோது இவள் வானத்தில் இருந்தாள், போன் சுவிட்ச் ஆஃப்.

"கம்பெனிக்காரன் விட்டிருக்க மாட்டான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று இன்னொருவர். எடுத்துவிட்டார்கள். தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு டாக்ஸி பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

காரியம் முடிந்து திரும்பி வந்த அன்று இதையெல்லாம் சொன்னாள். "இன்னா ஜனங்கடி உங்க ஊர்ல? பெத்த பொண்ணு வர்ற வரைக்கும் ஒரு ராத்திரி வச்சிருந்தா இன்னா ஆயிடும்?" என்று கத்தினேன்.

அவள் மறுநாள் ஷிஃப்டுக்கு யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். யார்மேலும் கோபப்படவில்லை.

"வைப்பாங்கக்கா. பெரியப்பா செத்தப்ப அண்ணன் பஸ்ல வாரான்னு விடியிற வரைக்கும் வச்சிருந்தாங்க. நானும் பஸ்ல வாரேன்னு சொல்லியிருக்கணும்."