கைக்கேற்ற வளையல்

வளையல் வாங்க வருகிறவர்களின் முகத்தைச் சொர்ணலதா கடைசியாகத்தான் பார்ப்பாள். முதலில் கை. நீட்டிய கையை வாங்கி, கட்டைவிரலின் அடிமூட்டை ஒரு தரம் அமுக்கி, ஐந்து விரலையும் குவித்துப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லிவிடுவாள். "பெருசு கேக்காதீக, கழண்டு ஓடிரும்" என்பாள். வந்தவள் பெருசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சிரிப்பாளே தவிர எடுத்துத் தர மாட்டாள்.

சின்னமனூர் பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவில், சைக்கிள் கடைக்கும் வெற்றிலை மண்டிக்கும் நடுவே இருக்கிறது கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். முழங்காலுக்கருகே எப்போதும் ஒரு கிண்ணம் சோப்பு நுரை. மூட்டில் நுரையைத் தடவி, அந்த வீட்டு மாடு, மருமகள், கிணற்றுத் தண்ணீர் என்று எதையாவது விசாரித்துக்கொண்டே வளையலை ஏற்றிவிடுவாள். "பேச்சுல இருக்கையில எலும்பு எளகிரும். கையவே பாத்துக்கிட்டு இருந்தா வெறைச்சுப் போகும்" என்பது அவள் தொழில் ரகசியம். வளையல் உடைந்தால், "எங்கை அவசரப்பட்டுருச்சு" என்று பழியைத் தானே எடுத்துக்கொள்வாள்.

இப்படி எல்லாருடைய கையையும் அவள் வாங்க ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகின்றன.

அதற்கு முன்னால் அந்தக் கடையில் இரண்டு விதமான யாவாரம் நடந்தது. ஊருக்குள் இருக்கிற பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் படிக்குக் கீழே நிற்பார்கள். அவர்களுக்கு வளையலைப் பலகையில் வைத்து நகர்த்திவிடுவாள். வீட்டில் ஒருத்திக்கொருத்தி போட்டுவிட்டுக்கொள்ள வேண்டியதுதான். மூட்டை மடக்கிச் சின்ன வளையலை ஏற்றும் பக்குவம் தொழில்காரிக்குத்தான் தெரியும். மற்றவர்கள் முயன்றால் பாதி உடைந்து கையைக் கிழிக்கும். அதனால் அவர்கள் தங்கள் கையைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாகவே வாங்கிப் போவார்கள். நாற்று நடும்போது அது முழங்கைக்கு ஏறும், கையைத் தொங்கப் போட்டால் சேற்றில் விழும். சொர்ணலதாவைக் கேட்டால், "காலனிப் பொம்பளைகளுக்குத் தொளதொளன்னு போட்டாத்தான் பிடிக்கும்" என்பாள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தாள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், கோடை விடுமுறையில் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. மகள் செல்வமணிக்கு அப்போது ஏழு வயது. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கடை வாசலில் வளையல் கடை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டில் ஒரு பிள்ளைதான் பெரிய வீட்டுக் கஸ்தூரியம்மாள். இன்னொரு பிள்ளை, காலனியிலிருந்து வயல் வேலைக்குப் போகிற மூக்கம்மாள். செல்வமணி கஸ்தூரியம்மாளின் கையை மடியில் வைத்து, அம்மாவைப் போலவே மூட்டை அமுக்கி, மாட்டைப் பற்றி விசாரித்தபடி ரப்பர் வளையலைப் போட்டுவிட்டாள். மூக்கம்மாளின் முறை வந்ததும் வளையலைக் கல்லின்மேல் எறிந்தாள். அந்தப் பிள்ளை தனக்கும் போட்டுவிடச் சொல்லி அழுதது.

"நீ மூக்கம்மால்ல. ஒனக்குக் கை பிடிக்கக் கூடாது. தள்ளி நில்லு" என்றாள் செல்வமணி.

குரல், கழுத்தைத் திருப்புகிற விதம், 'தள்ளி நில்லு'வில் இருந்த சலிப்பு, எல்லாம் சொர்ணலதாவினுடையவை. மகளுக்கு அதை அவள் ஒரு நாளும் சொல்லித்தந்ததில்லை. திட்டலாம் என்று எழுந்தவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அவளுடையது எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. கிளை நூலகத்துக்குப் போய், பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் கேட்டாள். குளிப்பாட்டுவது, பேதி வந்தால் என்ன கொடுப்பது என்றெல்லாம் அதில் இருந்தது. "நாமளே வெதச்ச களைய எப்பிடிப் பிடுங்குறதுன்னு ஒரு பக்கமும் இல்லையே" என்று கணவர் பொன்னுராஜிடம் குறைப்பட்டாள். அவர் அரிசி ஆலையில் கணக்குப் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அடுத்த தடவை நூலகத்தில் வேறு மாதிரி கேட்டாள். சாதி எப்படி வந்தது, யார் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று எழுதிய தடித்த புத்தகங்கள் வந்தன. வாடிக்கை இல்லாத மத்தியானங்களில் விரல் வைத்து வாசித்தாள். புரியாத சொற்களைப் பொன்னுராஜிடம் கேட்பாள். அவருக்கும் பாதி புரியாது.

ஒரு புத்தகத்தில் தன் ஆட்களைப் பற்றியே வந்தது. இன்று தேனியிலும் போடியிலும் கடை கடையாக வைத்திருக்கிற தன் சாதிக்காரர்களை, பூட்டன் காலத்தில் கோயில் தெருவில் நடக்கக்கூட விட்டதில்லையாம். தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பாவிடம் போய்க் கேட்டாள். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டவர், நல்லா இருக்கிற நேரத்தில் அதையெல்லாம் ஏன் கிளறுகிறாய் என்று கடிந்துகொண்டார்.

"நம்மள நிறுத்துன எடத்துலதாங்க நான் அவுகள நிறுத்திருக்கேன்" என்று பொன்னுராஜிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். மனசு சரியென்று சொன்னாலும் கை தானாகப் பின்னால் போனது. வாய் அதைவிட மோசம். தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணையும் 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் சட்டி கழுவும்போது 'வாங்கக்கா, இங்கன உக்காருங்க' என்று தனக்குத்தானே சொல்லிப் பழகினாள். செல்வமணி அதைக் கேட்டுச் சிரித்தாள்.

ஒரு நாள் நிஜமான மூக்கம்மாள் வந்தாள். வெயிலில் காய்ந்த, திடமான பெண். சொர்ணலதா அவளை வற்புறுத்திப் பெஞ்சில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த மகளைச் சத்தமாகக் கூப்பிட்டாள். "செல்வமணி, இங்கன வந்து பாரு. அம்மா இவுக கையப் பிடிச்சுப் போட்டுவிடுறேன் பாத்தியா? எல்லாரு கையும் ஒண்ணுதான்."

மூக்கம்மாள் கையை உருவிக்கொண்டாள்.

"ஒங்க மகளுக்குப் பாடம் நடத்த எங்கைதானா கெடைச்சுது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எடுத்த வளையலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"அவுக ஏம்மா கோவிச்சுக்கிட்டுப் போறாக?" என்று செல்வமணி கேட்டாள். சொர்ணலதாவுக்குச் சொல்ல எவ்வளவோ சமாதானம் இருந்தது. "தப்பு அம்மா மேலதான்" என்று மட்டும் சொன்னாள். மகள் மூக்கம்மாளை 'அவுக' என்று சொன்னது வெகுநேரம் கழித்து, கடையைப் பூட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தீபாவளி போனது, பொங்கல் போனது. மூக்கம்மாள் வரவில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கடையில் கூட்டம் நெரிந்தபோது நாலைந்து பெண்களோடு வந்து நின்றாள். மகள் எங்கே இருக்கிறாள் என்று சொர்ணலதா பார்க்கவில்லை. முறைக்குக் காத்திருந்த எல்லாரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டாள்.

"கையக் குடுங்கக்கா. என்ன கலரு?"

மூக்கம்மாள் சிறிது யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். களை பறித்துப் பறித்துக் கட்டைவிரல் மூட்டு புடைத்திருந்தது. இரண்டு வளையல் உடைந்தது. "வலிக்குதுல்ல, மெல்லப் போடு" என்று அதட்டினாள் மூக்கம்மாள். அந்த அதட்டலுக்குப் பிறகு சொர்ணலதாவின் கை பழைய பக்குவத்துக்கு வந்தது. கடைசி வளையலும் ஏறியபிறகு மூக்கம்மாள் மணிக்கட்டைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். "சத்தமே வேற மாதிரியில்ல கேக்குது" என்றாள் உடன் வந்தவர்களிடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்தாள். வளையல் கடை கம்பம் பஜாரிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பின்னால் ஒரு தெருவே போகும் என்று பொன்னுராஜ் பயந்தார். பாதித் தெரு போனது. மறு வருஷம் கடையில் புதுச் சரக்கு குறைவு. பிறகு பக்கத்துக் கிராமத்துக் காலனிகளிலிருந்தும், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்களிடமிருந்தும் புதிய கைகள் வந்தன. போன தெரு இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. சொர்ணலதா அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், "வர்றவுக கையப் பாக்கவே நேரஞ் சரியா இருக்கு" என்பாள். நூலகத்துக்கு மட்டும் இன்னும் போகிறாள். பழைய வார்த்தை ஒன்று வாயில் வந்துவிட்டால் அன்று முழுக்க முகம் சரியிருக்காது.

செல்வமணி இப்போது ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை மத்தியானங்களில் அம்மா சாப்பிடும் நேரத்துக்குக் கடையைப் பார்த்துக்கொள்வாள். போன வாரம் சொர்ணலதா திரைக்குப் பின்னால் தட்டின்முன் உட்கார்ந்திருந்தபோது, மகளின் வகுப்பில் படிக்கிற, காலனியைச் சேர்ந்த சுருளியம்மாள் வந்தாள்.

"ஒனக்குப் பச்சை நல்லாவே இல்லடி. நீலம் எடு."

"ஒன்னையக் கேட்டனா? பச்சைதான் வேணும். நகத்த வெட்டித் தொலையேன், கீறுது."

"அப்ப ஒழுங்காக் கையக் குவி."

சண்டை வளர்ந்தது. நடுவில் ஒரு வளையல் படீரென்று உடைந்தது. அதன்பின் சத்தமே இல்லை. சொர்ணலதா எழுந்துவிட்டாள். எச்சில் கையோடு திரைக்கு அருகில் வந்து, இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்தாள். வெளியே ஒருத்தி குபுக்கென்று சிரித்தாள். யார் என்று தெரியவில்லை. மற்றவளும் அடக்க முடியாமல் சேர்ந்துகொண்டாள்.

சொர்ணலதா திரையை விட்டுவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, சோற்றில் குழி பண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.