நூல் ஆரணிதானே

எங்கள் ஆரணி கூரியர் ஆபீசில் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, காதில் பேனா. எந்தப் பார்சலையும் கோயில் பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அனுப்புவார்.

கனடாவில் இருக்கும் என் மகளின் வளைகாப்புக்கு நானே நெய்த பட்டுப்புடவையை எடுத்துப் போனேன்.

"எந்த நாட்டுச் சரக்குன்னு எழுதணும், சொல்லுங்க," என்றார்.

"பட்டு நூல் சீனாவுதுங்க. ஜரிகை சூரத்து. டிசைன் மாப்பிள்ளை கனடாவுலேருந்து அனுப்பினாரு. நான் சாமி கும்புடறவன், பொய்க்குக் கையெழுத்து போடமாட்டேன்."

"நெய்ஞ்சது எங்க?"

"நம்ம ஊருலதாங்க."

"அப்போ இந்தியாதான். நூலு எங்கேருந்து வந்தா இன்னா? தறியிலேருந்து எறங்குன எடம்தாங்க கணக்கு."

கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்தினேன். "அப்போ அங்க பொறக்கப்போற பேரப்புள்ள கனடாக்காரனா? நமக்கு ஆவாதா?"

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். "ரூலு அதாங்க. ஆனா புள்ளைக்கு நூலு ஆரணிதானே! ஏன் பேஜாராவறீங்க?"

பேத்தி பிறந்தாள். அந்த நாட்டுப் பிரஜை என்றே பதிந்தார்கள். மகள் போனில் குழந்தையின் முகத்தைக் காட்டியதும், அந்த மனிதரைப் போலவே நானும் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னாப்பா பண்றே? இங்க ஒரே இருட்டா கீது!" என்று மகள் சிரித்தாள்.