இரவல் போகாத துவக்கு

அம்பிட்டியவில் எங்கள் சரிவில் இருந்த நாலைந்து வீடுகளுக்குள் எதுவும் இரவல் போகும். தேங்காய் துருவி, இஸ்திரிப்பெட்டி, ஏணி. கேட்டால் கொடுப்போம், திரும்பி வராவிட்டால் போய் எடுத்துக்கொள்வோம். அப்பா எனக்கு விட்டுப்போன வேட்டைத் துவக்கை மட்டும் அந்த வழக்கத்தில் சேர்க்க என்னால் முடியவில்லை.

லைசன் என் பெயருக்கு மாறியிருந்தது. மாநகரசபையில் எழுதுவினைஞரான என் கணவர் துவக்கைத் தொடவே மாட்டார். மகள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறப் பழகியதோடு என் நிம்மதி போயிற்று. துவக்கு அலுமாரியில், தோட்டாக்கள் வேறு அறையில் டிரங்குப் பெட்டியில், இரண்டு சாவியும் என் இடுப்பில். அப்படியும் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். துவக்கை நடுவில் மடக்கித் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். காலிதான். சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் போவேன்.

ஒரு பின்னேரம் அடுத்த வீட்டு அண்ணன் வந்தார். மகளுக்குப் பால் அவர் வீட்டு மாட்டிலிருந்துதான்.

"தங்கச்சி, மரவள்ளி பூராவும் பன்னி கிண்டிப் போட்டுருச்சு. இன்னைக்கு மட்டும் துவக்க குடுங்க."

"குடுக்க ஏலாதுண்ணே. லைசன் என் பேர்ல இருக்கு."

"லைசனையா கேட்டேன்? ஒங்கப்பா குடுத்தாரே!"

அப்பா கொடுத்தது உண்மைதான். ஆனால் என் கையை விட்டுப்போன துவக்கு எந்தச் சுவரில் தோட்டாவோடு சாய்ந்திருக்கும், அந்தப் பக்கம் யார் வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது தெரியாதவளுக்கு லைசன் எதற்கு?

"அப்ப நீங்களே வந்து சுடுங்க" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நாளைக்குப் பால் வருமா? ஒரு நாளைக்குத்தானே, கொடுத்திருக்கலாமோ? யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நில்லுங்கண்ணே, வர்றேன்."

மகளை அவர் மனைவியிடம் விட்டு, கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். மரவள்ளிக் கொல்லை மேட்டில் நின்று, அவரை என் முதுகுக்குப் பின்னால் வரச் சொன்னேன்.

"பன்னி வந்தா மொதல்ல ஓடுறவன் நாந்தான். பின்னாலயே நிக்கிறேன் தாயே."

பொழுது சாயும் முன்பே பன்றிகள் வந்துவிட்டன. எதிரே உயரமான மண்திட்டு. அதற்கு அப்பால் வீடும் இல்லை, பாதையும் இல்லை. அதைப் பார்த்துத்தான் சுட்டேன். பன்றிகள் ஓட்டம் பிடித்தன.

"ஒன்னும் விழலயே தங்கச்சி?"

"ஓடினாப் போதும்ணே."

அடி எடுத்து வைக்கும் முன் துவக்கை மடக்கி, வெற்றுத் தோட்டாவை எடுத்து, குழலை அவருக்கும் காட்டினேன். சத்தத்துக்கு வீறிட்டு அழுத மகளைத் தூக்குவதற்கு முன் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். வெடிமருந்து வாசம் போகவில்லை.

காலையில் பால் வந்தது. அவரே கொண்டு வந்திருந்தார்.

"ராத்திரி மறுபடி வந்துருச்சுங்க. இன்னைக்கு எத்தன மணிக்கு வர்றீங்க?"

செம்பை வாங்கிக்கொண்டு நின்றேன். கொடுக்க மாட்டேன் என்று சொன்னவள், வரவும் மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"வெளிச்சம் இருக்கையிலேயே போயிருவோம்ணே. இருட்டிட்டா நான் சுட மாட்டேன்."