தலைமையாசிரியருக்கு ஒரு நகல்

2010-இல் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. உள்ளூர் கேபிள் சேனல்கள் மீது வரும் புகார்கள் என் மேசைக்குத்தான் வரும். அந்த ஆண்டு சிதம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பேருந்து நிலையத்தில் அவர் கணவர் அவரை அடித்ததை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். உள்ளூர் சேனல் அதை ஊர்ச் செய்தி என்று மூன்று நாள் ஒளிபரப்பியது. நோட்டீஸ் அனுப்பினேன், நிறுத்திவிட்டார்கள். கோப்பை முடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார்.

"நெட்டுல போட்டுட்டாங்க சார். அதயும் எடுக்கச் சொல்லுங்க. நான் வேல பாக்கறது கிள்ளைப் பக்கம், அங்க இந்த சேனல் வராது. ஸ்கூல்ல இன்னும் யாருக்கும் தெரியாது. அவுங்களுக்குத் தெரியாம இருந்தா அதுவே போதும் சார்."

எங்கள் விதிகள் கேபிளில் வரும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். இணையத்தைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது. அவர் போனதும் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"அந்தக் கேபிள்காரன்தான் இப்ப நெட்டும் குடுக்கறான், மச்சான். ஒயரு ஒண்ணுதான். அதுல டிவி வந்தா நம்ம கேசு. நெட்டு வந்தா யாரு கேசு? போஸ்டு கம்பத்தப் போய்க் கேளு."

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே கம்பியில் இரண்டும் வரும்போது விதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சென்னைக்கு நான்கு பக்கக் கடிதம் தயாரித்தேன். உதாரணத்துக்கு அவருடைய புகாரைச் சேர்த்தேன். வீடியோவின் முகவரியில் ஒரு புள்ளிகூடத் தவறக் கூடாது என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். சரிபார்க்க ஒரு முறை போதும். நான் வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். அன்றைய நாட்குறிப்பில் "முகவரி சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

கடிதத்தின் அடியில் நகல் பெறுவோர் பட்டியல் போட வேண்டும். மனு கொடுத்தவர் ஆசிரியர் என்றால் அவருடைய தலைமையாசிரியருக்கும் ஒரு நகல் வைப்பது எங்கள் பிரிவின் பழக்கம். ஐந்தாவதாக அதை எழுதினேன். அந்த ஆசிரியை கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எழுதும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. மேலதிகாரி படித்துவிட்டு, "பிரமாதமா எழுதியிருக்கய்யா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது ஆசிரியை உட்காரவில்லை.

"டிவில ஓடுனப்பகூட எங்க ஸ்கூல்ல யாரும் பாக்கல சார். உங்க லெட்டர் வந்துச்சு. எச்.எம். அதுல இருந்த அட்ரஸக் கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாத்தாரு. அப்பறம் டீச்சருங்க எல்லாரும் பாத்தாங்க. இப்ப நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா பேச்சு நின்னுபோவுது. ஏன் சார் அங்க அனுப்பினீங்க?"

"அது ரூல்ஸ்மா," என்றேன்.

அப்படி ஒரு விதி எதிலும் இல்லை. பிரிவில் எல்லோரையும்விட அது எனக்கு நன்றாகத் தெரியும்.



"ரூல்ஸுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்களுக்கும் ஜாஸ்தி வேல வச்சுட்டேன் சார்" என்றார்.

"பரவாயில்லம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.