பாபநாசம் பஸ்ஸில் ஒரு தலைமைப் பயிற்சி

இன்னைக்குக் காலைல பாபநாசம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். காதுல ஆபீஸ் நடத்துன ஆன்லைன் வகுப்பு: "உண்மையான தலைவர் யார்?"

நடுவழியில ஒரு குறுகலான பாலம். எதிர்ல வைக்கோல் லாரி. ரெண்டு டிரைவரும் பின்னால எடுக்க மாட்டேன்னு ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நாங்களும் உள்ள இருந்தே வீரமா திட்டிக்கிட்டு இருந்தோம்.

சன்னலோரம் இருந்த ஒரு அக்கா விறுவிறுன்னு இறங்கிப் போனாங்க.

லாரிக்காரர்கிட்ட, "அண்ணாச்சி, பின்னால நான் பாத்துக்கிடுதேன். நீங்க பையப் பைய வண்டிய எடுங்க."

இடையில நுழையப் பாத்த பைக்குக்காரன்கிட்ட, "ஏலே, அங்கனயே நில்லு!"

அஞ்சே நிமிஷத்துல வழி கிடைச்சிட்டு.

அக்கா திரும்பி ஏறி வந்தா, அவங்க சீட்டுல நான் உக்காந்திருக்கேன்.

"எந்திரிங்க தம்பி, கால் வலிக்கு."

எந்திரிச்சேன். அந்த நேரம் பாத்து வகுப்புல, "உங்களுக்கு முன்மாதிரியான தலைவர் பேரை டைப் பண்ணுங்க"ன்னாங்க. ஒத்தக் கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "சன்னலோர சீட்டு அக்கா"ன்னு போட்டேன்.

பயிற்சியாளர் சிரிச்சுட்டாரு. "எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவரா சொல்லுங்க சார்."

எங்க பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும்வே!

உங்க பஸ்ஸுல யாரு?